அண்ணியின் ஊசி கரைத்த கொழுப்பு

அவளை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாலை மாதிரி எந்நேரமும் தொங்கும் அளவு டேப்தான் அவளுக்கு இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது. குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவாள் என்று அவள் கணவர் சொல்வார். பிறகு, "அதுவும் எப்பவும் இல்ல, ஒரு தடவை அதோடவே குளிச்சுட்டு வந்தா" என்று அவரே திருத்திக்கொள்வார்.

வீட்டின் கீழ்த்தளத்து முன்னறைதான் தையல் கடை. இரண்டு மிஷின், ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்ற ஒரு மூலையில் திரை, சூடுபட்டுப் பழுத்துப் போன இஸ்திரி மேசை. தெருவில் எந்தப் பெண்ணுக்கு எங்கே சதை போட்டிருக்கிறது என்பது அந்தந்தப் பெண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் டேப்பக்காவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வெளியே ஒரு சொல் வராது. அளவு கொடுக்கும்போது யாராவது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால் டேப்பைத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பாள்.

"மூச்சை விடும்மா. துணி தைச்ச பிறகு மூச்சு விடுவியா, மாட்டியா?"

கல்யாணம் ஆன புதிதில் அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் ஒரு நாள் ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! பழைய மிஷின் ஒன்றை இரவல் வாங்கி, தன்னுடைய புடவைகளையே வெட்டிக் கெடுத்து, கெடுத்துக் கெடுத்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். கணவரின் கை கூடியபோது அவள் கையும் தொழிலில் கூடியிருந்தது. அன்றிலிருந்து அவள் எதற்கும் கலங்கியதில்லை. "தப்பா வெட்டினா ஒட்டுப் போடுவோம். தப்பா தைச்சா பிரிப்போம். இதுல அழறதுக்கு என்ன இருக்கு?" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கும் ஒரு தோல்வி இருந்தது. அது மாடியறையில் குடியிருந்தது. அவளுடைய நாத்தனார்.

வீட்டில் சின்னவள் என்று பெயர். கணவரின் ஒரே தங்கை. வாழப் போன இடத்தில் வாழ முடியாமல் திரும்பி வந்தவள். அந்தக் காயத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முதுகை நிமிர்த்தியே நடப்பாள். பெரிய தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. நீலக் கோட்டும் நீலக் கால்சட்டையும் சீருடை. அவளுக்கும் அண்ணிக்கும் நடுவில் பல வருஷமாக ஒரு பனிப்போர். "கதவைப் பூட்டியாச்சா?" "தண்ணி வருதா?" இவ்வளவுதான் பேச்சு. கீழே அண்ணி கடை வைத்திருக்க, தன் சீருடையை இரண்டு தெரு தள்ளி வேறொரு தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வாள். இதைவிட ஒரு தையல்காரியை அவமானப்படுத்த வேறு வழி உண்டா, சொல்லுங்கள்!

அப்படிப்பட்ட சின்னவள் ஒரு நாள் மாலை கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள்.

"பட்டன் தெறிச்சுப் போச்சு. தைச்சுக் குடுங்க. வேற எதுவும் செய்ய வேணாம்."

மேசையில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறிவிட்டாள். சற்று நேரத்தில் மேலேயிருந்து விசும்பல் கேட்டது. டேப்பக்காவின் கணவர் மெல்ல விஷயத்தைச் சொன்னார்.

"மேனேஜர் ஏதோ சொல்லியிருக்கான். முன்னாடி உட்கார்றவங்க பார்க்க எடுப்பா இருக்கணுமாம். பட்டன் தெறிக்கிற ஆளுக்கு உள்ளே கணக்குப் பிரிவுல இடம் பார்க்கலாம்னானாம். அதுவும் எல்லார் எதிர்லயும்."

டேப்பக்கா மிஷினை நிறுத்தினாள். ஆயிரம் பகை இருக்கட்டும், இந்த வீட்டுப் பெண்ணை ஒருவன் கூட்டத்தின் நடுவில் இப்படிச் சொல்வதா? கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். பட்டன் ஏன் தெறித்தது என்று அவளுக்கா தெரியாது? உள்ளே அந்தத் தையல்காரர் தாராளமாகத் துணி விட்டிருந்தார். இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் தையலைப் பிரித்தாள். உள்ளே ஒளிந்திருந்த துணியை வெளியே விட்டு மறுபடி தைத்தாள். ஈரத் துணி போட்டு அழுத்தித் தேய்த்தாள். பட்டனையும் தைத்தாள். சொன்னால் சின்னவள் கோட்டை முகத்தில் எறிவாள். ஆகவே சொல்லவில்லை.

மறுநாள் மாடிப்படியில் தடதடவென்று ஓசை.

"அண்ணி! அண்ணி! இங்க பாருங்க!"

பல வருஷங்களில் சின்னவள் இப்படி உரக்க 'அண்ணி' என்று கூப்பிட்டதே இல்லை. கோட்டுப் பட்டன்கள் எல்லாம் பூட்டியிருந்தன. உள்ளே ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் வேறு.

"பூட்டுது அண்ணி! லூஸா இருக்கு! மாத்திரை வேலை செய்யுது!"

"என்ன மாத்திரை?"

சின்னவள் கைப்பையிலிருந்து பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்தாள். தீப்பிழம்பு படம் போட்டிருந்தது. கலோரியை எரிக்கும் மாத்திரையாம். உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பைக் கரைக்குமாம். போனில் விளம்பரம் பார்த்து வரவழைத்தாளாம்.

"நேத்து காலைலதான் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள பாருங்க!"

அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகம்! மழைக்குப் பிறகு துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி மின்னிய அந்த முகத்தைப் பார்த்து, 'கரைந்தது உன் கொழுப்பு இல்லையடி, என் தையல்' என்று எந்த நாக்கு சொல்லும்? டேப்பக்காவின் நாக்கு சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். பனி உருகிவிட்டது. சின்னவள் வேலை விட்டு வந்ததும் கடையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். மேனேஜரைப் போலப் பேசிக் காட்டினாள். விடுதிக்கு வருகிறவர்கள் துண்டைத் திருடி எப்படியெல்லாம் ஒளித்து வைக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அண்ணியைச் சிரிக்க வைத்தாள். டேப்பக்காவின் கணவர் வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு லிஃப்டும் ஒரே மாடியில நிக்குது?" என்றார்.

"போங்க, போய் உங்க ஸ்பானரைத் துடைங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் விரட்டினார்கள்.

அந்த ஆசையில்தான் டேப்பக்கா தன் வாழ்க்கையிலேயே பெரிய தவறைச் செய்தாள். முதல் தடவை மாத்திரை விஷயம் தெரியாமல் நடந்தது. இரண்டாவது தடவை தெரிந்தே செய்தாள். சின்னவள் கால்சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு, "இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிக்குது, அதுவும் சீக்கிரம் சரியாயிடும்" என்று சொன்னபோது, டேப்பக்கா இடுப்புத் தையலையும் கொஞ்சம் பிரித்து விட்டாள்.

விளைவு? சின்னவளுக்கு மாத்திரை மேல் இருந்த நம்பிக்கை பக்தியாகிவிட்டது. எடை பார்க்கும் மிஷினில் மட்டும் ஏற மாட்டாள். "மிஷின் பொய் சொல்லும். போட்ட துணி பொய் சொல்லுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அண்ணியின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது.

முனையில் பேக்கரி வைத்திருக்கும் பெண் ஒருத்தி உண்டு. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. "எனக்குப் பன்னை மோந்து பார்த்தாலே அரைக் கிலோ ஏறுது" என்று புலம்புகிறவள். சின்னவளின் கோட்டைப் பார்த்துவிட்டு அவளும் அதே டப்பாவை வரவழைத்தாள். ரத்தக் கொதிப்புக்குத் தினமும் மாத்திரை போடுகிறவள் அவள்.

ஒரு நாள் காலை சின்னவள் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பை தட்டில் பட்டுக் கடகடவென்று ஆடியது. டேப்பக்கா தைப்பதை நிறுத்தினாள்.

"ஏன் கை நடுங்குது?"

"அது ஒண்ணுமில்ல. தூக்கம் சரியா இல்ல."

"நெத்தியெல்லாம் வேர்த்திருக்கே?"

"கொழுப்பு எரியுது அண்ணி! எரிஞ்சா வேர்க்காதா?" என்று சிரித்தாள். "ஒண்ணே இவ்வளவு வேலை செய்யுதேன்னு இப்ப ரெண்டு ரெண்டா போடறேன். நெஞ்சு மட்டும் கொஞ்சம் திடுதிடுன்னு அடிச்சுக்குது. பழகிடும்."

டேப்பக்கா எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலுக்கு அடியில் நாடி, மூடி போட்ட பானையில் கொதிக்கிற தண்ணீர் மாதிரி துள்ளியது. இந்தப் பெண்ணை இரண்டு மாத்திரைக்குத் தள்ளியது யார்? விளம்பரமா? விளம்பரம் ஆசையைத்தான் காட்டியது. அத்தாட்சியைக் கொடுத்தது இவள் ஊசி அல்லவா!

சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும். நாற்காலி மறுபடி காலியாகிவிடும். சொல்லாவிட்டால்? டேப்பக்கா ஒரு நிமிஷத்துக்கு மேல் யோசிக்கவில்லை. தப்பாகத் தைத்ததைப் பிரிப்பதற்கு அவள் என்றைக்கும் பயந்ததில்லை.

"சின்னவளே, அந்த மாத்திரையை நிறுத்து. அதனால நீ இளைக்கல."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"கோட்டைப் பிரிச்சு விட்டது நான். பட்டன் தைக்கக் குடுத்தியே, அன்னைக்கே. கால்சட்டையும் நான்தான்."

சின்னவளின் முகம் முதலில் புரியாமல் விழித்தது. பிறகு இறுகியது.

"ஓ... இவ எப்படி இளைக்கலாம்னு இருக்கா உங்களுக்கு? நான் நாலு பேர் முன்னாடி நல்லா நின்னா வயிறு எரியுதா?"

"எரியறதெல்லாம் உன் வயித்துலதான்டி. எனக்கு எரியல."

"பொய்! எனக்குத் தெரியும், எனக்குக் குறைஞ்சிருக்கு."

டேப்பக்கா அவள் தோளைப் பிடித்து எழுப்பிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள். வேலைக்குக் கிளம்பிய நீலக் கோட்டோடுதான் சின்னவள் இருந்தாள்.

"கையைத் தூக்கு."

"மாட்டேன்."

"தூக்குடி!"

அந்தக் குரலுக்குக் கை தானாக உயர்ந்தது. டேப்பக்கா கோட்டின் பக்கவாட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு விரல் அகலத்தில் புது நீலம். வெயில் படாத, உரசல் காணாத, கடையில் வாங்கிய அன்றைய நீலம். அதன் ஓரத்தில் பழைய தையல் ஓடிய ஊசித் துளைகள் எறும்பு வரிசை மாதிரி போயின. கோட்டின் மற்ற இடமெல்லாம் உழைத்து வெளுத்திருந்தது.

"உள்ளே மடிஞ்சு கிடந்த துணி இது. இத்தனை நாள் வெளிச்சமே பார்க்கல. உன் உடம்பு குறைஞ்சிருந்தா இது ஏன்டி வெளியே வரணும்?"

சின்னவள் கண்ணாடியையே பார்த்தாள். மறுபக்கக் கையையும் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். அங்கேயும் அதே நீலம். கை தொப்பென்று விழுந்தது.

சின்னவள் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். குரல் ஒரு குழந்தையின் குரல் மாதிரி வந்தது.

"அப்போ பலன் எல்லாம் உங்க ஊசி குடுத்தது. மாத்திரை குடுத்தது இந்தப் படபடப்பு மட்டும்தானா அண்ணி?"

டேப்பக்கா கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். "கிளம்பு. டாக்டரம்மாகிட்ட போறோம். திட்டறதா இருந்தா போற வழியில திட்டு."

சின்னவள் வழியெல்லாம் திட்டினாள். முட்டாளாக்கிவிட்டீர்கள் என்றாள். இனிமேல் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாள். ஆனால் வண்டிகள் சீறும் சாலையைக் கடக்கும்போது அண்ணியின் கையை அவள் விடவில்லை.

டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். புருவம் உயர்ந்தது. மார்பில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, சிகிச்சை தேவைப்படுகிற கோளாறு எதுவும் தெரியவில்லை, ஆனால் இதயம் தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். பிறகு டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதுல காபியில இருக்கிற அதே சரக்குதான் முக்கால்வாசி. ஒரு மாத்திரையில பல கப் காபி அடங்கியிருக்கு. நீங்க ரெண்டு ரெண்டா போட்டிருக்கீங்க. கை நடுங்காம என்ன பண்ணும்?"

"இயற்கை மூலிகைன்னு போட்டிருக்கே டாக்டர்?"

"அரளி விதையும் இயற்கைதாம்மா."

"கலோரியை எரிக்கவே எரிக்காதா?" சின்னவளின் குரலில் இன்னும் ஒரு துளி ஆசை மிச்சமிருந்தது.

"கொஞ்சம் எரிக்கும். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க எரிச்சதை ரெண்டு பிஸ்கட் திருப்பிக் குடுத்துடும். ஆரம்பத்துல எடை இறங்கினா அதுல பாதிக்கு மேல தண்ணிதான். ஒரு மருந்து வேலை செய்யுதான்னு தெரியணும்னா மத்த எதையும் மாத்தாம வெச்சுப் பார்க்கணும். துணி லூஸாச்சு, பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு எல்லாம் நம்பக் கூடாது."

டேப்பக்கா தரையைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு. இந்த மாதிரி சில டப்பாவுல, மேல எழுதாத மருந்தையும் உள்ளே கலந்து விக்கிறாங்க. ஈரல் கெட்டு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். எடை குறைக்க நிஜமான மருந்தும் இருக்கு. அது ரத்தம் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்குமான்னு பார்த்து நாங்க குடுக்கிறது. போன்ல வர்ற விளம்பரம் உங்க நாடியைப் பிடிச்சுப் பார்க்குமா?" டாக்டரம்மா டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "இன்னையோட நிறுத்துங்க. நாளைக்கு மறுபடி வந்து காட்டுங்க. மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தா நாளைக்குன்னு காத்திருக்க வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நல்ல வேளை, உங்களுக்குக் கொதிப்பு மருந்து எதுவும் ஓடல. ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு இருக்கிறவங்க இதைத் தொடவே கூடாது. பக்கவாதத்துல கொண்டு போய் விட்டுடும்."

சின்னவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"அண்ணி... பேக்கரி அக்கா!"

டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்லி, ஈசிஜி தாளை வாங்கிக்கொண்டு டேப்பக்கா வெளியே வருவதற்குள் சின்னவள் தெருவின் பாதியில் இருந்தாள்.

"மெல்லப் போடி! நெஞ்சு அடிச்சுக்குதுன்னு சொன்னாங்கல்ல!" என்று கத்திக்கொண்டே பின்னால் விரைந்தாள். வழி நெடுக, பேக்கரியில் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். தவறு தன்னுடையது, சொல்ல வேண்டியவளும் தான்தான். சின்னவளுடைய மானம் தெருவுக்கு வரக் கூடாது. கோட்டில் ஏதோ பழுது பார்த்தேன், அதனால் அப்படித் தெரிந்தது என்று நாசூக்காகச் சொல்லிவிட வேண்டும்.

பேக்கரி வாசலில் நல்ல கூட்டம். மூச்சு வாங்கியபடி உள்ளே நுழைந்த டேப்பக்கா அப்படியே நின்றாள்.

சின்னவள் கோட்டைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்துப் போட்டிருந்தாள். ஒரு பட்டன் தெறித்ததற்காக அழுத பெண், முதுகு வளையாத அந்தப் பெண், ரொட்டி வாங்க வந்த அத்தனை பேர் முன்னாலும் அந்தப் புது நீலத்தின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"நல்லா பாருங்கக்கா. நான் ஒரு கிராம்கூட இளைக்கல. எங்க அண்ணி பிரிச்சு விட்ட தையல் இது. நீங்க இதைப் பார்த்துத்தானே மாத்திரை வாங்கினீங்க? எங்க வெச்சிருக்கீங்க, எடுங்க."

"அடிப்பாவி!" பேக்கரிக்காரி வாயில் கை வைத்தாள். "நேத்திலேர்ந்து எனக்குத் தலை விண்ணுன்னு வலிக்குது. கொழுப்பு மூளைலேர்ந்து இறங்குதுன்னு நினைச்சேனே!"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். சின்னவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் நீட்டிய கையில் டப்பா வந்து விழுந்தது.

"உடனே போய்க் கொதிப்பு பாருங்க அக்கா. கடையை நாங்க பார்த்துக்கறோம். இப்பவே போங்க."

பேக்கரிக்காரி கையுறையைக் கழற்றிக்கொண்டே டேப்பக்காவைப் பார்த்தாள். "ஏன் டேப்பு, இவ்வளவு சுலபமா இளைக்க வைப்பேன்னு சொல்லியிருந்தா எனக்கும் ரெண்டு விரல் பிரிச்சு விடச் சொல்லியிருப்பேனே! நான் எதுக்கு விஷத்தைத் தின்னேன்?"

தன் மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். டேப்பக்கா கல்லாப் பக்கம் போய் நின்றாள். சின்னவள் ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் மாத்திரைக் கதையையும் சேர்த்துக் கொடுத்தாள். சிரித்த மனிதருக்கு ஒரு தடவை கூடுதலாக. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பேக்கரிக்காரியின் மகள் திரும்பி வந்து, அம்மாவுக்குக் கொதிப்பு நிறைய ஏறியிருக்கிறது, மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள், பயமில்லை என்று சொன்ன பிறகுதான் சின்னவள் கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்ந்து, தோள் குலுங்க அழுதாள். டேப்பக்கா அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையை அவள் தட்டிவிடவில்லை.

"உங்க மேல எனக்கு இருக்கிற கோவம் இன்னும் போகல அண்ணி."

"போக வேணாம்."

"நாளைக்கு எனக்குப் புதுசா ஒரு கோட்டு தைச்சுக் குடுக்கணும். என் அளவுக்கு. நான் எப்படி இருக்கேனோ அப்படி. அந்த மேனேஜர் என்ன சொல்றான்னு நான் பார்த்துக்கறேன்."

"காலைல டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு, கடை திறந்ததும் வா. அளவெடுக்கறேன்."

"கோவத்தோடதான் வருவேன்."

"தாராளமா வா. கோட்டுல அதுக்கும் இடம் விட்டே தைக்கிறேன்" என்றாள் டேப்பக்கா.